அனாமத்துக் கணக்கில் நீலகிரி டீ

இணையத்தில் நீலகிரி டீ விற்கும் கடைகளில் ஒரு பத்தைத் திறந்து பாருங்கள். பெயர் மாறும், படம் மாறும், வசனம் மட்டும் மாறவே மாறாது. பனி படர்ந்த மலை, பசுமையான தோட்டம், நூறு சதவீதம் சுத்தம், நேரடியாக உங்கள் வீட்டுக்கு. சரி ஐயா, எல்லாம் சுத்தம்தான். இது இலை ரகமா, டஸ்ட்டா? சி.டி.சி.யா, ஆர்த்தடாக்ஸா? எந்தத் தொழிற்சாலை? எந்த மாதம் பறித்தது? பெரும்பாலான பக்கங்களில் பதில் இருக்காது. இருந்தாலும், 'விவரம்' என்ற பெட்டிக்குள் நாலாவது பத்தியில், பனிமூட்டத்துக்கு நடுவில் எங்கேயோ ஒளிந்துகொண்டிருக்கும்.

நான் சொல்ல வருவது ரெண்டே விஷயம். ஒன்று, தரம், தயாரிப்பு முறை, தொழிற்சாலை, பறித்த மாதம் இதெல்லாம் வர்ணனையில் கலக்க வேண்டிய சங்கதிகள் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனி ஆட்ரிபியூட்டாக (இனிமேல் 'பண்பு' என்றே சொல்கிறேன்) இருக்க வேண்டும். ரெண்டு, அந்தப் பண்புகளை நிர்வாகப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து உருவாக்கக் கூடாது. நிரல் எழுதி உருவாக்க வேண்டும்.

"பி.காம். படிக்கிறவனுக்கு நிரல் எழுதுவதைப் பற்றி என்ன பேச்சு?" என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டர் சயன்ஸ் நண்பர்கள் இப்படித்தான் என் வாயை அடைப்பார்கள். ஆனால் மக்களே, இது கம்ப்யூட்டர் விஷயமாவதற்கு முன்பே கணக்குப் பதிவியல் விஷயம்.

பேரேடு தெரிந்தவனுக்கு இது புதிதில்லை

டேலியில் ஒரு வவுச்சர் போடுவதற்கு முன்னால் என்ன செய்கிறோம்? அந்தச் செலவுக்கு ஒரு பேரேட்டுக் கணக்கு இருக்கிறதா என்று பார்க்கிறோம். இல்லையென்றால் உருவாக்கி, சரியான தொகுதிக்குக் கீழே வைக்கிறோம். அலுவலகத்தில் கணக்கு எழுதும் மூன்று பேர், ஒருவர் 'பிரயாணச் செலவு', இன்னொருவர் 'பயணச் செலவு', மூன்றாமவர் 'டிராவல்' என்று மூன்று கணக்குகள் தொடங்கிவிட்டால் என்ன ஆகும்? இருப்பாய்வு அழகாகச் சமமாகும். பற்றும் வரவும் ஒன்றாக நிற்கும். ஆனால் முதலாளி வந்து "இந்த வருஷம் பயணத்துக்கு எவ்வளவு போச்சு?" என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கூட்டல் சரி, கணக்கு தப்பு.

எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையை என்ன செய்வோம்? அனாமத்துக் கணக்கில் போடுவோம். அது தற்காலிக ஏற்பாடு. வருஷக் கடைசியில் அதில் தொகை தொங்கிக்கொண்டிருந்தால் தணிக்கையாளர் விடமாட்டார்.

இணையக் கடையின் 'விவரம்' பெட்டி அப்படிப்பட்ட அனாமத்துக் கணக்குதான். எங்கே போடுவது என்று தெரியாத எல்லாவற்றையும் அதற்குள் கொட்டுகிறோம். வித்தியாசம் என்னவென்றால் இங்கே தணிக்கையாளர் வருவதில்லை. அதனால் வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது.

குன்னூர் ஏலத்தில் 1963லிருந்தே இருப்பது

"டீத்தூளுக்கு என்ன பெரிய பண்பு? டீன்னா டீதான்" என்பவர்கள் குன்னூர் ஏலத்தைப் பார்க்க வேண்டும். 1963ல் தொடங்கிய ஏலம் அது. கொச்சியில் 1947லேயே தொடங்கிவிட்டார்கள், கோயம்புத்தூரில் 1980ல் வந்தது. ஏலத்துக்கு வரும் டீ எப்படி வருகிறது? இந்த லாட், இந்தத் தொழிற்சாலையின் மார்க், இந்தத் தரம், இத்தனை மூட்டை, இத்தனை கிலோ. அதிலும் சி.டி.சி. தனி, ஆர்த்தடாக்ஸ் தனி. இலை ரகம் தனி, டஸ்ட் தனி. காகிதப் பட்டியல் போய்த் திரையில் ஏலம் நடக்க ஆரம்பித்த பிறகும் இந்தக் கட்டங்கள் போகவில்லை. வாங்குகிறவர் டீயைச் சுவைத்துப் பார்த்து விலை சொல்வார்தான். ஆனால் எதைச் சுவைக்கிறோம் என்பது அதற்கு முன்பே எழுத்தில் இருக்கும்.

தரத்தின் பெயர்களும் சும்மா வைத்தவை இல்லை. பி.ஓ.பி. என்றால் புரோக்கன் ஆரஞ்சு பெக்கோ, உடைந்த இலை ரகம். எஸ்.ஆர்.டி. என்றால் சூப்பர் ரெட் டஸ்ட். எஸ்.எஃப்.டி. என்றால் சூப்பர் ஃபைன் டஸ்ட். நம் ஊர் டீக்கடையில் பாய்லர் பக்கத்தில் வடிகட்டித் துணியில் போடுகிற தூள் டஸ்ட் வகை. சட்டென்று இறங்கும், நிறம் கொடுக்கும், பால் தாங்கும். முழு இலை ஆர்த்தடாக்ஸை அதே துணியில் போட்டால் டீக்கடைக்காரர் நம்மைத் திட்டுவார். அதேபோல டஸ்ட்டைப் பாலில்லாமல் ஐந்து நிமிஷம் ஊறவைத்துக் குடித்துவிட்டு "நீலகிரி டீ கசக்குது" என்று சென்னையிலிருந்து ஒருவர் ஒரு நட்சத்திரம் கொடுப்பார். அவர் மேல் என்ன தப்பு? எதை வாங்குகிறோம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

(ஆரஞ்சு பெக்கோவில் ஆரஞ்சுப் பழம் கிடையாது. பண்பைத் தெரியாதவர் கையில் கொடுத்தால் 'சுவை: ஆரஞ்சு' என்று போட்டுவிடுவார். சிரிக்காதீர்கள், நடக்கும் :-))

வரிச் சட்டம்கூட இதைப் புரிந்துவைத்திருக்கிறது. ஜி.எஸ்.டி.க்காக நாம் எழுதும் எச்.எஸ்.என். குறியீட்டில் டீ 0902. அதற்குள் 0902 10 என்றால் மூன்று கிலோவுக்கு மேற்படாத பாக்கெட்டில் உள்ள கிரீன் டீ, 0902 20 என்றால் மற்ற கிரீன் டீ. 0902 30 என்றால் மூன்று கிலோவுக்கு மேற்படாத பாக்கெட்டில் உள்ள கறுப்பு டீ, 0902 40 என்றால் மற்ற கறுப்பு டீ. அதாவது ஆறு இலக்கத்துக்குள் ரெண்டு பண்புகள்: எப்படிப் பதப்படுத்தியது, எவ்வளவு பெரிய பொட்டலம். உலகம் முழுக்கச் சுங்க அலுவலகத்தில் பிரித்துவைத்திருப்பதை, தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் கடை பிரிக்க மறுக்கிறது.

கையால் கிளிக் செய்தால் என்ன ஆகும்?

இனி ரெண்டாவது விஷயம். பண்பு வேண்டும் என்று ஒத்துக்கொண்டவர்கள்கூட இங்கேதான் சறுக்குகிறார்கள்.

2008ல் வெளிவந்து, 2018ல் அடோபி நிறுவனம் வாங்கிய மெஜென்டோவை எடுத்துக்கொள்வோம். சாதாரண அட்டவணையில் ஒரு பண்புக்கு ஒரு நெடுவரிசை இருக்கும். ஆனால் ஊட்டிக் கடையில் டீ மட்டுமா இருக்கிறது? வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட், நீலகிரித் தைலம் எல்லாம் உண்டு. வர்க்கிக்கு டீயின் தரம் கிடையாது, தைலத்துக்குப் பறித்த மாதம் கிடையாது. எல்லாவற்றுக்கும் நெடுவரிசை வைத்தால் பாதிக் கட்டம் காலியாகக் கிடக்கும். அதனால் மெஜென்டோ மூன்றாகப் பிரிக்கிறது: பொருள், பண்பு, மதிப்பு. பொருள் ஒரு அட்டவணையில், பண்புகளின் பட்டியல் இன்னொன்றில். மதிப்புகள் வகையைப் பொறுத்து ஐந்து அட்டவணைகளில் போய் உட்காரும்: முழு எண், தசம எண், சின்ன எழுத்து, நீண்ட எழுத்து, தேதி. பொருளின் பெயர்கூட அங்கே ஒரு பண்புதான். டேலியில் பேரேடு தொடங்குவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போது நிர்வாகப் பக்கத்தில் ஒருவர் 'உயரம்' என்று ஒரு பண்பு தொடங்குகிறார். தோட்டம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பது. வகை கேட்கிறது, யோசிக்காமல் 'எழுத்து' என்று கொடுக்கிறார். பார்க்க ஒன்றும் தெரியாது. ஆனால் எழுத்தாக வரிசைப்படுத்தினால் 1800, 900க்கு முன்னால் வரும், ஏனென்றால் எழுத்தில் 1 முதலில், 9 பின்னால். குன்னூர் மேட்டுத் தோட்டம் கூடலூர்ப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கீழே போய்விடும். பிறகு மாற்றலாமே என்றால், பண்பை உருவாக்கிய பிறகு நிர்வாகப் பக்கத்தில் வகையை மாற்ற விடமாட்டார்கள். மதிப்புகள் ஏற்கெனவே வேறு அட்டவணையில் குடியேறிவிட்டன.

இன்னொன்று, இதுதான் பெரிய வில்லங்கம். ஒழுங்கான கடைக்கு ரெண்டு தளம் இருக்கும். ஒன்று சோதனைக்கு, ஒன்று வியாபாரத்துக்கு. சோதனைத் தளத்தில் 'தரம்' என்று ஒரு தேர்வுப் பட்டியல் தொடங்கி பி.ஓ.பி., எஸ்.ஆர்.டி., எஸ்.எஃப்.டி. என்று போட்டாயிற்று. எல்லாம் சரியாக ஓடுகிறது. பிறகு வியாபாரத் தளத்தில் வந்து மறுபடி அதே கிளிக். மெஜென்டோ பொருளோடு சேர்த்து வைப்பது 'பி.ஓ.பி.' என்ற எழுத்தை இல்லை, அந்தத் தேர்வின் எண்ணை. அந்த எண் உருவாக்கிய வரிசையில் தானாக வருவது. சோதனைத் தளத்தில் 214ஆக இருப்பது வியாபாரத் தளத்தில் 231ஆக இருக்கலாம். யாராவது 214 என்று நிரலுக்குள் எழுதிவைத்திருந்தால், வியாபாரத் தளத்தில் அந்த எண்ணில் டீயின் தரத்துக்குப் பதில் ஒரு சாக்லேட்டின் நிறம் இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) 'கிரேடு', 'டீ கிரேடு', 'தரம்' என்று மூன்று பண்புகள் இருக்கின்றன. மூன்று சீசனில் மூன்று பேர் பகுதிநேரமாக வந்து பொருள் ஏற்றியதன் ஞாபகச் சின்னம். வடிகட்டியில் 'தரம்: பி.ஓ.பி.' என்று தேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு டீதான் வரும். மற்ற ரெண்டு பங்கு கிடங்கில் இருந்தாலும் வாங்குபவர் கண்ணில் படாது. இருப்பாய்வு சமம்தான், கணக்குதான் தப்பு!

வேர்டுபிரஸ் மேல் ஓடும் வூகாமர்ஸிலும் இதே கதை. அங்கே பண்பு ரெண்டு விதம். கடை முழுவதற்கும் பொதுவாகத் தொடங்குவது ஒன்று. குறிப்பிட்ட பொருளின் பக்கத்திலேயே தட்டச்சு செய்து, நடுவில் நெட்டைக்கோடு போட்டுப் பிரிப்பது இன்னொன்று. ரெண்டாவது சுலபம், அதனால் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் வூகாமர்ஸோடு வரும் பண்பு வடிகட்டி பொதுப் பண்புகளை மட்டும்தான் பார்க்கும். பக்கத்திலேயே தட்டியது அந்தப் பக்கத்தோடு சரி. அதுவும் ஒரு அனாமத்துக் கணக்குதான்.

நிரலில் எழுதினால்

மெஜென்டோவில் 2018ல் வந்த 2.3 பதிப்பிலிருந்து 'டேட்டா பேட்ச்' என்று ஒரு முறை இருக்கிறது. ஒரு சின்ன கோப்பு. அதற்குள் 'ஆட் ஆட்ரிபியூட்' என்ற செயலைக் கூப்பிட்டு எது பொருள், பண்பின் குறியீடு என்ன, வகை என்ன, தேர்வுகள் என்னென்ன, கட்டாயமா, வடிகட்டியில் வருமா, தேடலில் வருமா என்று வரிசையாக எழுதிவிடுகிறோம். 'செட்டப் அப்கிரேடு' என்ற கட்டளையைக் கொடுத்தால் ஓடும். ஓடி முடிந்ததும் தரவுத்தளத்தில் 'பேட்ச் லிஸ்ட்' என்ற அட்டவணையில் அதன் பெயர் ஏறிவிடும். மறுபடி கட்டளை கொடுத்தாலும் ரெண்டாம் தடவை ஓடாது.

இதில் என்ன லாபம்? கணக்குப் படிக்கிறவன் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்.

1. சோதனைத் தளம், வியாபாரத் தளம், நாளைக்கு வேறு சர்வருக்கு மாறினால் அந்தத் தளம், எல்லாவற்றிலும் ஒரே குறியீடு, ஒரே வகை, ஒரே தேர்வுகள். எண் மாறினாலும் பரவாயில்லை, நிரல் எல்லா இடத்திலும் குறியீட்டைக் கொண்டுதான் தேடும்.

2. கோப்பு பதிப்பு வரலாற்றில் இருக்கும். யார், எந்தத் தேதியில், எதற்காக 'பறித்த மாதம்' என்ற பண்பைச் சேர்த்தார் என்று திரும்பிப் பார்க்கலாம். கிளிக்குக்கு வவுச்சர் கிடையாது. நிரலுக்கு உண்டு. வவுச்சர் இல்லாத பதிவை எந்தத் தணிக்கையாளர் ஏற்பார்?

3. சேர்ப்பதற்கு முன்னால் இன்னொருவர் படித்துப் பார்க்கலாம். "தம்பி, உயரத்தை எழுத்தாக வைத்திருக்கிறாயே" என்று ஒரு வார்த்தை சொல்ல அங்கே இடம் இருக்கிறது. கிளிக் செய்யும்போது பக்கத்தில் யாரும் இல்லை.

வூகாமர்ஸிலும் 'கிரியேட் ஆட்ரிபியூட்' என்று இதே வேலைக்கு ஒரு செயல் உண்டு. ஷாப்பிஃபையில் மெட்டாஃபீல்டுகளின் வரையறையை நிரல் வழியாகவே அனுப்பலாம். எந்தத் தளமாக இருந்தாலும் வழி அடைபட்டுக் கிடக்கவில்லை. நாம்தான் போகவில்லை.

நிரல் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு இல்லை

இங்கே ஒரு எச்சரிக்கை. எங்கேயோ கிடைத்த நிரலை நகலெடுத்து ஒட்டி ஓடவிடுபவர்களும் என் கட்சி இல்லை. மெஜென்டோவின் 'ஆட் ஆட்ரிபியூட்' நாம் சொல்லாமல் விட்டதைத் தானே நிரப்பிக்கொள்ளும். 'கட்டாயமா' என்பதைச் சொல்லாமல் விட்டால் ஆம் என்று எடுத்துக்கொள்ளும். 'பயனர் உருவாக்கியதா' என்பதைச் சொல்லாமல் விட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்ளும். பயனர் உருவாக்காதது என்றால் அது அமைப்பின் சொந்தப் பண்பு என்று அர்த்தம், உடனே எல்லாப் பண்புத் தொகுப்பிலும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ரெண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும்? 'டீயின் தரம்' வர்க்கியின் பக்கத்திலும் வரும், அதுவும் கட்டாயமாக. மறுநாள் காலையில் வர்க்கியின் விலையை மாற்றப்போனவர் "தரத்தை நிரப்பு" என்ற சிவப்பு எழுத்தைப் பார்த்து விழிப்பார். வேறு வழியில்லாமல் வர்க்கிக்கு 'எஸ்.ஆர்.டி.' என்று போட்டுச் சேமிப்பார். ஊட்டி வர்க்கிக்கு 2023ல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் சூப்பர் ரெட் டஸ்ட் ஆகிவிட்டது!

ஆகவே ஒவ்வொரு வரியையும் நாமே எழுத வேண்டும், இயல்பு மதிப்பை நம்பக் கூடாது. டீக்கு ஒரு பண்புத் தொகுப்பு, பேக்கரிக்கு ஒன்று, தைலத்துக்கு ஒன்று. டேலியின் தொகுதிகளைப் போலவே.

தமிழில் வைக்கலாமா? தாராளமாக வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் பெயர் வேறு, குறியீடு வேறு. மெஜென்டோவில் குறியீட்டுக்கு ஆங்கிலச் சின்ன எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே. வாங்குபவர் கண்ணில் படும் பெயரைத் தமிழ்க் கடைக்குத் தமிழில், ஆங்கிலக் கடைக்கு ஆங்கிலத்தில் என்று தனித்தனியாகக் கொடுக்கலாம். வூகாமர்ஸில் குறியீட்டைத் தனியாகக் கொடுக்காவிட்டால் பெயரிலிருந்தே எடுத்துக்கொள்ளும், அதற்கு வரம்பு 28. அதை எழுத்துக் கணக்கில் எண்ணாமல் பைட் கணக்கில் எண்ணுகிறார்கள். ஒரு தமிழ் உயிர்மெய் எழுத்தில் மெய்க்கு மூன்று பைட், மேலே ஏறும் குறிக்கு மூன்று பைட். 'தேயிலைத் தரம்' என்ற சின்னப் பெயரே 37 ஆகிவிடும், தளம் ஏற்காது. இதைப் பார்த்துவிட்டு "தமிழ் வேலை செய்யாது" என்று ஜல்லியடிப்பவர்கள் இருக்கிறார்கள். தமிழ் வேலை செய்யும். குறியீட்டை ஆங்கிலத்தில் தனியாகக் கொடுங்கள், அவ்வளவுதான்.

"பத்து பொருள் விற்கிற கடைக்கு இதெல்லாம் எதற்கு?"

இதுதான் எல்லோரும் கேட்பது. பத்து பொருளுக்கு நிரல் எழுதுவது கொசுவை அடிக்க பீரங்கியாம். பத்து ரசீது போடும் கடைக்கும் பேரேடு வேண்டாமா? வியாபாரம் சின்னதாக இருக்கும்போது தலைப்பைச் சரியாகத் தொடங்குவது அரைநாள் வேலை. முன்னூறு பொருள் சேர்ந்த பிறகு 'கிரேடு', 'டீ கிரேடு', 'தரம்' மூன்றையும் ஒன்றாக்குவது ஒரு மாத வேலை, அதுவும் சீசன் நேரத்தில். பழைய கணக்கைச் சரிசெய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

"விவரத்தில் எழுதினால் போதும், தேடுபொறி கண்டுபிடிக்கும்" என்பது அடுத்த வாதம். தேடுபொறி ஒருவரைக் கடை வாசல் வரை கூட்டி வரும். உள்ளே வந்தவர் 'ஆர்த்தடாக்ஸ் மட்டும் காட்டு' என்றால் உங்கள் கடை என்ன செய்யும்? வர்ணனையை வைத்து விலை ஒப்பிட முடியுமா? போன மாதம் டஸ்ட் எத்தனை கிலோ போனது, இலை எத்தனை கிலோ போனது என்று உங்களுக்கே அறிக்கை வருமா?

"எல்லாவற்றையும் எழுதினால் வாங்குகிறவர் குழம்புவார்" என்பது மூன்றாவது. இதில் பாதி நியாயம் உண்டு. நாற்பது பண்பு வைத்து, அதில் முப்பதைக் காலியாக விடுவதும் ஒரு வியாதிதான். அதனால்தான் சொல்கிறேன், ஆறேழு போதும்: பதப்படுத்திய முறை, வகை, தரம், தொழிற்சாலை, உயரம், பறித்த மாதம், எடை. இதில் சிலவற்றைச் சட்டமே கேட்கிறது. பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளில் செய்த திருத்தம் 2018 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி தயாரிப்பாளர் யார், பொருளின் பொதுப்பெயர், நிகர எடை, அதிகபட்ச விலை போன்றவற்றை இணையக் கடையும் திரையில் காட்ட வேண்டும். பாக்கெட்டின் பின்பக்கப் படத்தை மங்கலாக ஏற்றிவிட்டு, காட்டிவிட்டேன் என்பது எந்த ஊர் நியாயம்?

இதில் நஷ்டம் யாருக்கு?

கடைக்காரர் எப்படியும் சமாளித்துக்கொள்வார். டீ போகாவிட்டால் சாக்லேட் போகும். நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது.

நீலகிரியில் டீ என்பது பெரிய எஸ்டேட் மட்டும் இல்லை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பசுந்தேயிலையைப் பறித்துத் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறார்கள். கூட்டுறவுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன, அவற்றுக்கு 1965ல் தொடங்கிய இன்கோசர்வ் என்ற இணையம் இருக்கிறது. தனியார் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. பசுந்தேயிலைக்கு மாதாமாதம் தேயிலை வாரியம் அறிவிக்கும் சராசரி விலை டீத்தூள் விற்ற விலையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 2003ஆம் ஆண்டு தேயிலை சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வந்த ஏற்பாடு இது. கடைசிக் கோப்பையின் விலை எப்படியோ சுற்றிவந்து கொழுந்தின் விலையைத் தொடும் என்பதுதான் இதற்குப் பின்னால் உள்ள எண்ணம்.

ரெண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துப் பறித்த கொழுந்துக்கும், ஆள் கிடைக்காமல் கத்தரியாலோ இயந்திரத்தாலோ வெட்டிய முற்றிய இலைக்கும் டீத்தூளில் வித்தியாசம் இருக்கிறது. டீ மேக்கருக்கு அது தெரியும். ஏலத்தில் சுவைப்பவருக்கும் தெரியும். இணையத்தில் நூறு கிராம் பாக்கெட்டை வாங்குகிறவருக்கு மட்டும் தெரியாது, ஏனென்றால் அவருக்கு ரெண்டுமே 'ஊட்டி டீ, சுத்தமானது'. வித்தியாசம் தெரியாத இடத்தில் எவரும் கூடுதல் விலை கொடுக்க மாட்டார். கூடுதல் விலை வராதபோது பார்த்துப் பறிக்கச் சொல்லி ஒரு விவசாயியை எந்த முகத்தோடு கேட்பீர்கள்?

பண்புப் பெட்டியை நிரப்பினால் பசுந்தேயிலை விலை நாளைக்கே ஏறிவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு ஜல்லிதான். விலைக்கு வேறு பல காரணங்கள் உண்டு. ஆனால் வித்தியாசத்தைக் காட்டவே இடமில்லாத கடையில் வித்தியாசத்துக்கு விலை கேட்க முடியாது. அது மட்டும் நிச்சயம்.

புவிசார் குறியீட்டையும் பாருங்கள். தேயிலை வாரியம் பதிவுசெய்திருப்பது 'நீலகிரி (ஆர்த்தடாக்ஸ்)' என்ற இலச்சினை. நீலகிரியில் விளைந்த எல்லா டீக்கும் அது பொருந்தாது, பெயரிலேயே முறை இருக்கிறது. குன்னூரில் தயாரித்த டீதான் என்றாலும் சி.டி.சி. என்றால் அந்த இலச்சினையைப் போட முடியாது. இப்போது சொல்லுங்கள், 'பதப்படுத்திய முறை' என்ற பண்பே இல்லாத கடை, எந்தப் பக்கத்தில் இலச்சினை போடலாம், எதில் போடக்கூடாது என்று எப்படி முடிவு செய்யும்? ஒன்று, எல்லாவற்றிலும் போட்டு ஏமாற்றும். அல்லது எதிலும் போடாமல் உள்ளதையும் வீணாக்கும். பண்பு இருந்தால், 'ஆர்த்தடாக்ஸ்' என்றும் உரிமம் உண்டு என்றும் இருக்கும் பக்கத்தில் மட்டும் இலச்சினையைக் காட்டு என்று ஒரு வரி எழுதினால் போதும்.

நிரல் பொய்யைக் கண்டுபிடிக்காது என்பதும் உண்மை. சி.டி.சி.யை ஆர்த்தடாக்ஸ் என்று தேர்ந்தெடுத்தால் அது அப்படியே காட்டும். ஆனால் வர்ணனைப் பொய்க்கும் பண்புப் பொய்க்கும் வித்தியாசம் இருக்கிறது. 'மலையின் மணம்' என்று எழுதியவரை எந்த நுகர்வோர் மன்றத்தில் நிறுத்துவீர்கள்? 'தொழிற்சாலை: இன்னது, முறை: ஆர்த்தடாக்ஸ், பறித்த மாதம்: ஜனவரி' என்று எழுதியவரைக் கேள்வி கேட்கலாம், சரிபார்க்கலாம், மாட்டவைக்கலாம். சில பேர் பண்பு வேண்டாம் என்பதற்கு இதுதான் நிஜமான காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

ஆகவே இணையக் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், அவர்களுக்குத் தளம் அமைத்துக் கொடுக்கும் நண்பர்களுக்கும் சொல்வது இது. முதல் நாள் கணினியைத் தொடாதீர்கள். ஒரு டீ மேக்கர் முன்னால் உட்கார்ந்து, டீயை எத்தனை விதமாகப் பிரிக்கிறார், என்ன பெயர் சொல்கிறார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரெண்டாம் நாள் அதிலிருந்து ஆறேழு பண்பை மட்டும் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் வகை, தேர்வுகள், கட்டாயமா இல்லையா என்று முடிவு செய்யுங்கள். மூன்றாம் நாள் நிரல் எழுதிச் சோதனைத் தளத்தில் ஓட்டுங்கள். சரியாக இருந்தால் அதே கோப்பை வியாபாரத் தளத்தில் ஓட்டுங்கள். பிறகு, பொருள் ஏற்ற வரும் பகுதிநேரப் பையனுக்குப் புதுப் பண்பு தொடங்கும் அனுமதியை எடுத்துவிடுங்கள். பேரேடு தொடங்கும் அதிகாரத்தை எல்லோருக்கும் கொடுக்கும் அலுவலகம் உருப்பட்டதாக நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை.

மூன்றே நாள் வேலை. அதற்குப் பிறகு பனிமூட்டத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வர்ணித்துக்கொள்ளுங்கள். தாராளமாக இடம் இருக்கும்.